ஆறு வருசம் வைத்திருந்த வசனம்

பாரிஸுக்குப் பதின்மூன்று மணித்தியால ஓட்டம். பற்றிமாவுக்குத் தேவைப்பட்டது முதல் ஒன்றரை மணித்தியாலம் மட்டும்தான்.

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் காலை ஏழு மணிக்கு நிக்கலஸின் கார் அவள் வாசலில் வந்து நின்றது. மகன் றொனிஷன் இறங்கி அவளுடைய பையை வாங்கி, பலகாரப் பெட்டிக்கும் பெண்ணுக்கு எடுத்த சேலைக்கும் நடுவில் வைத்தான். அவனுக்குப் பாரிஸில் பெண் பேசியிருந்தது. பெண்ணின் தகப்பன் அல்போன்ஸ், ஊரில் பற்றிமாவின் பக்கத்து வீட்டுக்காரன். பற்றிமா அக்கா ஓம் என்றால் தனக்குப் போதும் என்று சொல்லியிருந்தான். அதனால்தான் இந்த மரியாதை. முன் சீற் அவளுக்கு, பின் சீற் மாப்பிள்ளைக்கு.

கொல்டிங் தாண்டியும் நிக்கலஸுக்கு வாய் ஓயவில்லை. மகனின் வேலை, வாங்கப்போகும் வீடு, சம்பந்தி வீட்டின் பெருமை. நடுவில் ஸ்ரெபானி சுகமா என்றும் விசாரித்தார்.

சுகம் என்றாள் பற்றிமா.

ஸ்ரெபானி அவளுடைய ஒரே மகள். ஆறு வருசத்துக்கு முன் எஸ்பியர்க் நகரத்துப் பையனோடு எல்லாம் முற்றாகி, மண்டபமும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வழமைபோல நாலு பேரிடம் விசாரித்தார்கள். நாலாவது ஆள் நிக்கலஸ். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றி நான் ஒண்டும் கதைக்க விரும்பேல்லை என்றார். அவ்வளவுதான். மூன்றாம் நாள் கலியாணம் நின்றது. அடுத்த வருசம் அதே பையன் நிக்கலஸின் தங்கை மகளைக் கட்டினான்.

பையனின் தாய்தான் போனில் அழுது, தன் பெயரை வெளியில் விடவேண்டாம் என்று கெஞ்சி, நடந்ததைச் சொன்னாள். பற்றிமா ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஸ்ரெபானி மாதா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பற்றிமா மட்டும் ஒவ்வொரு பூசையிலும் சமாதானம் சொல்லி நிக்கலஸின் கையைப் பிடித்தாள். ஆறு வருசம்.

ஹாதர்ஸ்லெவ் பக்கம் கோப்பிக்கு நிறுத்தினார்கள். நிக்கலஸ் கழிவறைக்குப் போன இடைவெளியில் அவள் அல்போன்ஸுக்கு ஒரு செய்தி தட்டினாள். கேட்கவேண்டியதை அரை மணித்தியாலத்தில் கேள்.

சொன்னபடி போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். நிக்கலஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பொடியன் எப்பிடி அக்கா?"

"தங்கம். கண்ணை மூடிக்கொண்டு குடு."

நிக்கலஸின் மீசைக்குள் ஒரு சிரிப்பு.

"தகப்பன்?"

"தகப்பனைப் பற்றி நான் ஒண்டும் கதைக்க விரும்பேல்லை."

கார் ரோட்டின் வெள்ளைக் கோட்டை மிதித்துத் திரும்பியது. தன் சட்டையை இன்னொருத்தர் போட்டு வரக் கண்டவர்போல நிக்கலஸ் அவளைப் பார்த்தார்.

அல்போன்ஸ் பதறிக்கொண்டு ஏன் என்றான்.

"பக்கத்திலைதான் இருக்கிறார். கேட்டுக்கொண்டும் இருக்கிறார். அவரே சொல்லட்டும்."

பின்னாலிருந்து றொனிஷன் டெனிஷில் ஏதோ கேட்டான். இரண்டாம் முறை அல்போன்ஸுக்கும் விளங்கத் தமிழில் கேட்டான். "அப்பா, என்ன செய்தனீங்கள்?"

ஜெர்மன் எல்லைக்கு முந்தின கடைசி வெளிவழி வரப்போவதாகப் பலகை காட்டியது. நிக்கலஸ் வாய் திறந்தார். நல்லதுக்குத்தான் என்றார். பிறகு என்ரை தங்கச்சியின்ரை மகளுக்காக என்றார். கடைசியில், ஸ்ரெபானியில் ஒரு பிழையும் இல்லை என்று முணுமுணுத்தார்.

"இன்னொருக்கால் அண்ணை. அவனுக்குக் கேட்டிருக்காது."

இன்னொருக்கால் சொன்னார். உரத்து.

பிறகு அல்போன்ஸ், பொடியன் வரட்டும், அக்காவும் வரட்டும், அந்தாள் என்ரை வாசல்படி ஏறவேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

வெளிவழியில் திருப்பச் சொன்னது றொனிஷன்தான். பாட்போர்க் ரயில் ஸ்டேசன் வாசலில் தகப்பனின் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஸ்டியறிங்கில் போய் உட்கார்ந்தான். தகப்பன் முகத்தைப் பார்க்கவில்லை.

நிக்கலஸ் பற்றிமாவின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தகப்பன் இல்லாமல் பொம்பிளை பாக்கப் போனால் சனம் கேக்குமே தங்கச்சி. நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஒண்டும் கதைக்க விரும்பேல்லை எண்டு சொல்லுங்கோ."

கண்ணாடியை உயர்த்தினாள். ஹம்பேர்க் வரை நன்றாக நித்திரை கொண்டாள்.