ஏழு பட்டறைக்கு ஒரு உறிஞ்சி

என் மனைவி இறந்த எட்டாம் மாதம், அவள் நின்ற இடத்தில் அவள் தங்கை நிற்பதைப் பார்த்தேன்.

அது அவர்கள் அண்ணன், என் மச்சானின் முலாம் பட்டறை. கார் பிரேக்குக்குள் ஓடும் சிறு உருளைகளுக்கு அங்கே குரோம் பூசுகிறார்கள். குரோம் கரைசல் தொட்டியிலிருந்து நாலடியில் செக்கிங் மேசை. தொட்டியில் மின்சாரம் ஓடும்போது மஞ்சள் ஆவி எழும். மேசையில் நிற்பவர் அதைச் சுவாசித்துக்கொண்டே உருளையில் கீறல் பார்க்க வேண்டும். என் மனைவி ஆறு வருடம் பார்த்தாள். நுரையீரலில் கட்டி. டாக்டர் என்னிடம், "புகை பிடிப்பாங்களா?" என்று கேட்டார்.

மச்சினி என்னைக் கண்டதும் சிரித்தாள். மூக்கில் பஞ்சு அடைத்திருந்தாள். கேட்டேன். இரண்டு நாளாக ரத்தம் வருகிறது, சூடு, வேறு ஒன்றுமில்லை என்றாள். அவள் அக்காவும் முதல் வருடம் முழுக்க அதையேதான் சொன்னாள்.

அந்த உருளைகளை வாங்கி, பிரேக் செய்து, கார் கம்பெனிக்குக் கொடுக்கும் தொழிற்சாலையில் நான் வேலை பார்க்கிறேன். எங்களுக்குக் கீழே ஏழு முலாம் பட்டறைகள். ஏழும் ஒரே தொழிற்பேட்டையில். அவை சுற்றுச்சூழல் விதிகளைக் கடைப்பிடிக்கின்றன என்று கார் கம்பெனிக்குக் காட்டுவது என் பொறுப்பு. வருடம் ஒரு முறை அவர்கள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். எந்த நாள் எந்தப் பட்டறை என்று அட்டவணை போடுவது நான்.

ஒவ்வொரு தொட்டிக்கும் ஆவியை இழுத்து வடிகட்டும் உறிஞ்சி வேண்டும் என்பது விதி. ஏழு முதலாளிகளும் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். சக்கரம் வைத்தது. ஆடிட்டுக்கு முதல் நாள் மினி லாரியில் வந்து இறங்கும். துடைத்துத் தொட்டியை ஒட்டி நிறுத்தி, குழாயைக் கூரை ஓட்டையில் செருகுவார்கள். ஆடிட் முடிந்ததும் அடுத்த பட்டறைக்குப் போகும். அது போய்ச் சேர ஒரு நாள் இடைவெளி விட்டுத்தான் நான் தேதி போடுவேன். யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கார் கம்பெனியின் ஆண்டு மலரில் எங்கள் ஏழு பட்டறைகளின் ஒத்துழைப்பைப் பாராட்டி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தார்கள்.

என் மனைவி அந்த மெஷினுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தாள். வருடத்துக்கு ஒரு தடவை வருகிறார், விழுந்து விழுந்து கவனிக்கிறோம், ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் கிளம்பிவிடுகிறார் என்பாள். அண்ணன் முன்னால் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். பட்டறையே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

பஞ்சைப் பார்த்த அன்றே அலுவலகம் திரும்பி, கார் கம்பெனியின் சுற்றுச்சூழல் அதிகாரிக்கு நான்கு வரி எழுதினேன். இரண்டு வாரம் அலைவதற்குப் பதில் ஏழு பேர் ஒரே வேனில் வந்து, ஆளுக்கொரு பட்டறையாக ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் பயணம் மிச்சம், வண்டிப் புகையும் மிச்சம். அரை மணியில் பதில் வந்தது. அருமையான யோசனையாம். தேதியும் கொடுத்திருந்தார். நடுவில் பன்னிரண்டு நாள்.

மறுநாள் மச்சான் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"என்ன மாப்பிள்ளை, தெரியாம தேதி போட்டுட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

உட்கார்ந்தார். மற்ற ஆறு பேரும் தன் சட்டையைப் பிடிக்கிறார்கள் என்றார். உறிஞ்சி என்ன விலை தெரியுமா என்றார். ஆர்டர் கை நழுவினால் இருபத்திரண்டு குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். எல்லாம் உண்மை. பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் இருந்திருந்தால் நான் இப்படிச் செய்திருப்பேனா என்று கேட்டார்.

அதுவரை எனக்குள் எதுவும் அசையவில்லை. மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

"செஞ்சிருக்க மாட்டேன் மச்சான். அதனாலதான் அவ இல்ல."

"என் தங்கச்சிய நான் கொன்னேங்குறியா?"

"ரெண்டு பேரும்தான். நீங்க லாரி அனுப்புனீங்க, நான் தேதி குடுத்தேன். இப்ப சின்னவளுக்கு மூக்குல ரத்தம் வருது. பாத்தீங்களா?"

"சூடுன்னு சொன்னா."

"பெரியவளும் அதான் சொன்னா."

நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாட்களில் மற்ற முதலாளிகள் போன் செய்தார்கள். ஒருவர் கெஞ்சினார். ஒருவர், பொண்டாட்டியை முழுங்கியது போதாமல் ஊரையும் முழுங்கப் பார்க்கிறாயா என்று கேட்டார். ஒருவர் உறிஞ்சி வாங்க முடியாமல் குரோம் தொட்டியையே மூடினார். ஒன்பது பேருக்கு வேலை போயிற்று. அது என் கணக்கில்தான். நான் மறுக்கவில்லை.

ஆடிட் அன்று மச்சானின் பட்டறைக்குப் போனேன். புது உறிஞ்சி, இரும்புச் சட்டத்தில் வெல்டிங் வைத்து நின்றது. வந்தவர் ஒரு காகிதத்தை அதன் வாயருகே நீட்டினார். சட்டென்று ஒட்டிக்கொண்டது. படிவத்தில் டிக் அடித்தார். கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்.

நான் அங்கேயே நின்றேன். மஞ்சள் ஆவி மேசைப் பக்கம் வரவில்லை. தொட்டி விளிம்பிலேயே வளைந்து உள்ளே போயிற்று. பன்னிரண்டு நாள் வேலை. அவள் ஆறு வருடம் நின்றாள். ஆறு வருடமும் நான் அட்டவணை போட்டேன். அவளுக்காக யாரும் பன்னிரண்டு நாள் செலவழிக்கவில்லை. எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலிருந்தது. அங்கிருந்ததெல்லாம் மற்றவர்களின் பிழைப்பு.

வெளியே வேன் கிளம்பியது. மச்சான் கரண்ட் பில் என்று முனகிக்கொண்டே உறிஞ்சியின் சுவிட்ச் பக்கம் போனார். கையை வைத்தார்.

மச்சினி நிமிர்ந்தாள்.

"அண்ணா, அத அணைச்சா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"என்னடி, மிரட்டுறியா?" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த இரண்டு பெண்களும் கையிலிருந்த உருளைகளைக் கீழே வைத்தார்கள். தொட்டியில் நிற்பவர் கையுறையைக் கழற்றினார். அவசரமில்லாமல், ஒவ்வொரு விரலாக.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்தார்.