மெர்டன் போகும் பேருந்து

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் எங்கள் ஹால்வர் ஊரில் பன்றி இறைச்சி ஆலை மட்டும் இல்லாதிருந்தால், பள்ளிக்கூடத்தை என்றோ இழுத்து மூடியிருப்பார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்து முடித்ததும் சிகாகோ பக்கம் போய்விட்டார்கள். ஆலை வேலைக்குக் குவாத்தமாலாவிலிருந்து வந்த எங்கள் பிள்ளைகள்தான் பெஞ்சுகளை நிரப்பினார்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தந்தது. ஆங்கிலம் வராத பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல்.

பள்ளி வாரியத் தலைவர் ரான்டல் டெக்கர் டிராக்டர் கடைக்காரர். பணம் வர வர ஃபுட்பால் மைதானத்துக்குப் புதுப் புல்விரிப்பு போட்டார். அதே வருடம், செலவு கட்டுப்படியாகவில்லை என்று ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த டீச்சரை நிறுத்தினார்.

பெத்ரோனா என்னோடு ஆலையில் கத்தி பிடிப்பவள். டீச்சர் போனபின் அவள் மகள் யெசெனியாவைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, வண்ணம் தீட்டக் காகிதம் கொடுத்தார்கள். வருடம் முழுக்க அதுதான் படிப்பு. முடிவில் இரண்டாம் வகுப்பிலேயே மறுபடி போட்டார்கள். பிள்ளை வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டது.

பெத்ரோனா வாரியக் கூட்டத்துக்குப் போய், தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். "எங்க பசங்களுக்கு வந்த காசு எங்க போச்சு?"

டெக்கர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்க பசங்க வந்துதாம்மா இந்த ஸ்கூல் பேரே கெட்டுச்சு. பிடிக்கலைன்னா பக்கத்து ஊர் மெர்டனுக்குப் போங்க. ரோடு இருக்கு, இங்க யாரும் உங்க கையைப் பிடிச்சு இழுக்கல."

கூடம் சிரித்தது. டெக்கரும் சிரித்தார், பல் எல்லாம் தெரிய.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. "அந்தாளை அழ வைக்கணும்," என்றாள் கணவனிடம்.

"கல்லெறியப் போறியா? போலீஸ் வந்தா மாட்டுறது நாமதான்," என்றான் மத்தேயோ.

"கல்லு எதுக்கு? அவன் சொன்ன மாதிரியே போறேன். ஆனா தனியாப் போக மாட்டேன்."

எங்கள் மாநிலத்தில் பிள்ளையைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாம். சேர்த்தால் அரசுப் பணமும் பிள்ளையோடு அந்த ஊருக்குப் போய்விடும். மெர்டன், ஃபுட்பாலில் ஹால்வருக்குப் பரம வைரி. அங்கேயும் பிள்ளைகள் குறைந்து, பள்ளி நிர்வாகி லோர்னா ஃபெடர்சன் கவலையில் இருந்தார். பெத்ரோனா நேரே அவரிடம் போனாள்.

"பஸ் அனுப்புவீங்களா? ஆங்கிலத்துக்கு டீச்சர் போடுவீங்களா?"

"போடலாம். எத்தனை பேர் வருவாங்க?"

"எல்லாரும்."

அதுவரை அவள் ஒருவரிடமும் பேசியிருக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஷிப்ட் முடிந்து, ரத்த வாடை போகக் குளித்துவிட்டு, மெர்டன் பள்ளி விண்ணப்பங்களோடு வீடு வீடாக ஏறினாள். அவள் தோழி ஹுவானா மறுத்தாள். "எனக்கு எதுக்குடி வம்பு? வாசல்லயே ஸ்கூல் இருக்கு."

"உன் பையனை அங்க என்னன்னு கூப்பிடுறாங்கன்னு அவன்கிட்ட கேட்டியா?"

ஹுவானா அன்றே மகனைக் கேட்டாள். மறுநாள் கையெழுத்துப் போட்டாள். கடைசிவரை மறுத்தவர்களோடு பெத்ரோனா பேச்சை முறித்தாள். ஆலைக்குப் போகும்போது அவர்களை யாரும் காரில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிவைத்தாள். எனக்கே அது அதிகமாகப்பட்டது. ஆனாலும் நானும் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை.

பள்ளி திறந்த அன்று மெர்டன் பேருந்துகள் தேவாலயத்து வாசலில் வந்து நின்றன. எங்கள் பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். ஹால்வர் பள்ளியில் பாதி வகுப்புகள் காலி. பணம் சரிந்தது, வருட நடுவிலேயே டீச்சர்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

பனி விழுந்த ஒரு மாலை, ஆலையின் கார் நிறுத்துமிடத்தில் டெக்கர் அவளுக்காகக் காத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஆங்கிலத்துக்கு ரெண்டு டீச்சர் போடுறேன். நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க. கொஞ்சம் பேசும்மா."

பெத்ரோனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கு மீட்டிங்ல சிரிச்சீங்களே? அதே மாதிரி ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்க."

அவர் அதை நிபந்தனை என்று நினைத்துவிட்டார். உதட்டை இழுத்துப் பார்த்தார். பற்கள் வெளியே வந்தன. கண்ணில் நீர் நின்றது.

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

இரண்டு வருடத்தில் ஹால்வர் பள்ளியைக் கலைத்து மெர்டனோடு இணைத்தார்கள். டெக்கரின் பேரன் வைரி ஊரின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபுட்பால் ஆடினான். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்த கேரல் நீமனுக்கும் வேலை போயிற்று. யெசெனியாவுக்கு எப்போதும் தட்டு நிறையப் போட்டவள் அவள். மளிகைக் கடையில் பெத்ரோனாவை மறித்து, "நான் உனக்கு என்ன பண்ணேன்?" என்று கேட்டாள். பெத்ரோனா எடுத்த சாமானை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"அவளுக்காக அழுதேன்," என்றாள் என்னிடம். "ஆனா திரும்ப அதே நாள் வந்தாலும் இதையேதான் செய்வேன்."

அடுத்த வசந்தத்தில் டெக்கர் கடையை விற்றுவிட்டு அரிசோனாவுக்குக் கிளம்பினார். அன்று பெத்ரோனா வேலைக்கு வரவில்லை. அவர் வீட்டுக்கு எதிரே காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, லாரியில் கடைசிப் பெட்டி ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.