ஓடினால் பசிக்கும்

பீம்ராவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். சோறு இறங்கவில்லையா, உடம்பை முறித்து வேலை செய். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பிக்கட்டு தூக்குகிறவனுக்கு வேறென்ன வைத்தியம் தெரியும்? ஒரு லாரி லோடு இறக்கிவிட்டு வந்தால் கல்லைப் போட்டாலும் அவன் வயிறு அரைத்துவிடும்.

அதனால்தான் சின்ன மகள் மதி தட்டை ஒதுக்க ஆரம்பித்தபோது அவன் பதறவில்லை. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்கு எடை குறைக்கிறேன் என்று பாதிச் சோற்றில் எழுந்தாள். அப்புறம் அந்தப் பாதியும் நாலு கவளமானது. "ஓடினா தானா பசிக்கும், வா கண்ணு" என்று அவனே விடிகாலையில் எழுப்பி மைதானத்துக்குக் கூட்டிப்போனான். அவன் ஓரமாக உட்கார்ந்து டீ குடிப்பான், அவள் சுற்றிச் சுற்றி ஓடுவாள். வீட்டுக்கு வந்தும் உட்காராமல் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறி இறங்குவாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இந்தப் பெண்ணுக்கோ பசியே பறந்துவிட்டது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, ஐயோ, பார்க்கச் சகிக்கவில்லை.

அவன் மனைவி கெங்கம்மா வஞ்சிரம் வரைக்கும் வறுத்துப் பார்த்தாள். "வயித்தக் காயப் போட்டுகினு இன்னாடி இவ்ளோ திமிரு?" என்று கத்திவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி அழுதாள்.

திமிர் என்ற சொல் பீம்ராவை அறுத்தது. செத்துப்போன அவன் தங்கை சிவந்தியையும் அப்படித்தான் சொன்னார்கள். தின்னாமல், ஓரிடத்தில் நிற்காமல், தெருத்தெருவாக நடந்தே உருகிப் போனாள். பிடிவாதக்காரி என்று சொந்தக்காரர்கள் சாவிலும் பேசினார்கள். அவனும் சேர்ந்துதான் பேசினான்.

அந்த வாரம் பெரிய மகள் ரமாபாய் விடுதியிலிருந்து வந்தாள். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளை வைத்துப் படிக்கிறவள். வாசலில் தங்கையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். விடிகாலை ஓட்டத்தைப் பற்றி அம்மா சொன்னதும் அப்பா பக்கம் திரும்பினாள்.

"நைனா, நீயா இவள ஓட வுட்டே?"

"பசிக்கணும்ல கண்ணு."

"ஐயோ நைனா! எங்க கூண்டுல ஒரு சக்கரம் கீது, எலி ஏறி ஓடும். சோத்தக் கொறச்சு, சக்கரத்தயும் வச்சா, ஒரு வம்சத்து எலி வந்து துன்னுட்டுப் படுத்துக்கும். இன்னொரு வம்சம் சோத்த வுட்டுட்டு ஓடிகினே கீது. எளைக்க எளைக்க இன்னும் ஓடுது. அப்டியே வுட்டா செத்துடும். அதுக்குள்ள சக்கரத்த எடுத்துடுவோம்."

"எலிக்குமா திமிரு?"

"எலிக்கு இன்னா திமிரு நைனா? அது பொறப்புலயே கீது. பட்டினியும் ஓட்டமும் சேந்தா முழிச்சுக்குது. மனுசங்களுக்கும் இப்டித்தான்னு அடிச்சு சொல்ல முடியாது. ஆனா சிவந்தி அத்தையும் இப்டித்தானே போச்சு?"

பீம்ராவ் வாசற்படியில் உட்கார்ந்தான். சிவந்தி மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம். அவளுக்குப் பசி வரவே இல்லை, அவ்வளவுதான். மதிக்கு? மதியை விடிகாலையில் எழுப்பிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டது யார்?

"நான்தாம்மா சுத்தி வுட்டேன்" என்று அந்த மலை மாதிரி மனுஷன் விம்மினான்.

"தெரியாமத்தானே நைனா. எயிந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நாடி ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று டாக்டர் அன்றைக்கே படுக்கையில் சேர்த்துக்கொண்டார். தேறியதும், ஓட்டம் அறவே கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த மத்தியானம் கெங்கம்மா ரசஞ்சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினாள். மதியின் கால்கள் பாயில் துடித்தன.

"ஓடாம இருந்தா பைத்தியம் புடிக்குது நைனா. காலு சொம்மா இருக்க மாட்டேங்குது" என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

பீம்ராவ் வேலைக்குப் போயிருக்கவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். சில்லென்று இருந்தன. கம்பி தூக்கிக் காய்த்துப்போன கைகளால் பொத்திக்கொண்டான்.

"பசிக்கல நைனா."

"பசிக்க வாணாம் கண்ணு. இனிமே பசிக்குதான்னு நான் கேக்கவே மாட்டேன். பசிக்காமயே ஒரு வாய் துன்னு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். உருண்டையை வாங்கி வாயில் போட்டு, வெகுநேரம் மென்று, விழுங்கினாள். அவன் கைக்குள் அவள் பாதங்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவன் விடவில்லை.