தெங்கிஸ்பாயின் பெயர்

மங்கிஸ்தா பாலைநிலத்தின் வெள்ளைப் பள்ளத்தாக்குக்குள் நின்று யாராவது ‘தெங்கிஸ்’ என்று சொன்னால் தண்ணீர் வந்துவிடும். அந்த ஊர்ப் பேச்சில் தெங்கிஸ் என்றால் கடல். ஒரு காலத்தில் தான் கடலாக இருந்ததை அந்த இடம் மறக்கவில்லை, அவ்வளவுதான். குரல் எட்டும் தூரத்துக்கு, குரலின் கனத்துக்கு ஏற்ற ஆழத்தில் வரும். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் வடிந்துவிடும். ஒட்டகம் மேய்ப்பவர்கள் அங்கே பேசாமல் போய்ப் பேசாமல் வருவார்கள். கல்லை ஆராய வந்த மூன்று பேர் மட்டும் வாயைக் கட்ட முடியாமல் நனைந்த காகிதங்களோடு ஊர் திரும்பினார்கள்.

அந்தச் சொல்லைச் சொல்லவே சொல்லாதவள் பிபிசாரா ஒருத்திதான். கணவன் வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் வாயில் எடுக்கக் கூடாது. அவள் மாமனார் பெயரோ தெங்கிஸ்பாய். ஆகவே பத்தொன்பது வருஷமாகக் கடல் அவளுக்குக் ‘கரையில்லாதது’. மாமனாரின் தம்பி ஒராஸ்காலிக்கு இதில் ஒரே குஷி.

“உன் புருஷன் எதுலம்மா மீன் பிடிக்கிறான்? மறந்துபோச்சு, சொல்லு!”

“கரையில்லாததுலதான் மாமா. நீங்க இறங்கினா கரையேற மாட்டீங்க.”

ஒரு வசந்தத்தில், குட்டியோடு காணாமல்போன ஒட்டகத்தைத் தேடித் தெங்கிஸ்பாய் பள்ளத்தாக்குக்குள் போனார். மூன்றாம் நாளும் வரவில்லை. தேடப்போன ஒராஸ்காலி பழக்கதோஷத்தில் “தெங்கிஸ்பாய் அண்ணே!” என்று கத்தித் தொலைத்தார். குதிரையின் வயிறுவரை உப்புத்தண்ணீர். தொப்பியையும் ஒரு பூட்ஸையும் பறிகொடுத்து வந்தவர், “கூப்பிடாம எப்படித் தேடறது? கூப்பிட்டா மூழ்கிருவாரே!” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிபிசாரா கயிற்றையும் தண்ணீர்த் தோல்பையையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

பயம் இருந்தது. அதோடு, இத்தனை வருஷம் தூரத்திலிருந்தே பார்த்த இடத்துக்குள் நுழைகிற ஆசையும் இருந்தது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள். சுண்ணாம்புச் சுவர் முழுக்கச் சிப்பிகள். காலடியில் சுறாப்பற்கள். ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தாள். இன்னும் உப்புக் கரித்தது. “மாமா! மாமா!” என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு வெடிப்பின் அடியிலிருந்து பதில் வந்தது.

பத்து ஆள் ஆழம். கயிறு பாதிக்குத்தான் எட்டியது. கீழே போட்ட தோல்பை பாறையில் கிழிந்து கொட்டியது.

“ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன் மாமா.”

“அதுவரைக்கும் உசிர் தாங்காதும்மா. நானே சொல்லிப் பாத்துட்டேன், குரல்ல கனமில்ல, பாதம்கூட நனையல. நீ என் பேரைச் சொல்லு.”

“ஐயோ, நான் எப்படி!”

“நானே கேக்கறேன்ல? மரியாதையை மேல வந்து வாங்கிக்கறேன்.”

முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். கீழே அவருக்குக் கணுக்கால்தான் நனைந்தது. “சத்தமா!” என்றார். பத்தொன்பது வருஷம் தொண்டையில் கிடந்த பெயரை அவள் ஒரே மூச்சில் கத்தினாள்.

பள்ளத்தாக்கு நிறைந்தது. வெடிப்பிலிருந்து தெங்கிஸ்பாய் மல்லாந்தபடி மிதந்து வர, அவள் ஒரு கையால் பாறையையும் மறு கையால் அவர் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டாள். வளைவுக்கு அப்பாலிருந்து ஒட்டகமும் குட்டியும் நீந்தி வந்தன. தண்ணீர் இறங்கியதும் பிபிசாரா பால் கறந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, “நல்ல குரல்” என்றார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

யார் கூப்பிட்டு மேலே வந்தீர்கள் என்று ஊரில் கேட்டதற்குத் தனக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டார். அன்று வந்த தண்ணீர் முழுதாக வடியவில்லை. முழங்கால் ஆழத்துக்கு நின்றுவிட்டது, இப்போது மீனும் உண்டு. பிபிசாரா ஒட்டகங்களைக் குளிப்பாட்ட அங்கேதான் ஓட்டிப்போகிறாள். அதன் இரண்டு கரையும் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், “கரையில்லாததுக்கு” என்றுதான் சொல்கிறாள்.