குளியல் மக்கின் அடியில் ஒரு ரோஸ் புள்ளி

1

இந்தக் கதை குமணன்சாவடியில் நான் வாங்கிய ஒரு குளியல் மக்கிலிருந்து தொடங்கியது. நீல மக். அடியில் கடுகளவுக்கு ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை.

(இதில் ஒரு பொய் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் தொடக்கம்: நூம்பலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அனுசுயா—

வேண்டாம். வெயிலில் தொடங்குகிற கதைகள் எனக்கே சலித்துவிட்டன.

இரண்டாவது: பிளாஸ்டிக் பல வகைப்படும்.

பள்ளிப் புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் இதை அடிக்க மனம் வரவில்லை. அனுசுயாவுக்கு இது மூக்கால் தெரிந்த பாடம். ஒரு துண்டைக் கொளுத்தி, அணைத்து, முகர்ந்தால் போதும். மெழுகுவத்தி வாசனை வந்தால் பாலிப்ரொப்பிலீன். மக், நாற்காலி எல்லாம் அதுதான். மூக்கை அறுக்கிற நெடி என்றால் பைப் செய்கிற பிவிசி. முடி கருகுகிற நாற்றம் என்றால் நைலான். நூம்பல் பக்கத்து மக் கம்பெனியில் பதினோரு வருடமாக மெஷின் ஓட்டுகிறவள் அவள்.

3

மணிமணியாக வரும் பிளாஸ்டிக்கை மெஷினின் தலையில் கொட்டுவார்கள். அது உள்ளே உருகி, மூடிய இரும்பு அச்சுக்குள் பீய்ச்சப்படும். ஆறியதும் அச்சு திறக்கும், மக் விழும். பழுதான மக்கை அரைத்து மறுபடி தலையிலேயே கொட்டிவிடுவார்கள். (நான் அடித்த வாக்கியங்களும் அப்படித்தான், எங்கேயும் போய்விடுவதில்லை.)

அச்சுக்கு முன்னால் ஒரு கதவு. திறந்தால் மெஷின் நின்றுவிடும். அதற்கென்று ஒரு சுவிட்ச். அப்படி நின்று நின்று ஓடினால் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் அனுசுயா தன் தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி, அந்த சுவிட்சை அழுத்திக் கட்டிவிடுவாள், கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். பேண்டில் ரோஸ் நிறத்தில் ஒரு பூ. ஷிஃப்ட் முடிந்ததும் அவிழ்த்துவிடுவாள். அங்கே எல்லோரும் செய்வதுதான்.

ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கதவை மூடினாள், பேண்டை அவிழ்க்க மறந்துவிட்டாள். அடுத்த ஷிஃப்ட் பேபி. அச்சில் ஒரு மக் ஒட்டிக்கொண்டது. பேபி கதவைத் திறந்தாள். மெஷின் இனி அசையாது என்று நம்பிக் கையை விட்டாள்.

(இங்கே ஒரு பத்தி எழுதி அழித்துவிட்டேன். இரண்டு விரல்கள். அவ்வளவு போதும்.)

ஓடிவந்தவர்கள் எல்லோரும் பேபியைப் பார்த்தார்கள். இன்னும் வீட்டுக்குக் கிளம்பாத அனுசுயா சுவிட்சைப் பார்த்தாள். பேண்டை உருவி, பழுதான மக்குகளோடு அரைக்கிற மெஷினில் போட்டுவிட்டாள்.

4

மாங்காட்டில் பேபியின் வீடு. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் தப்புதான் அனு. கதவ முழுசா தொறக்கறதுக்குள்ள கைய வுட்டுட்டேன்னு சூப்பர்வைசர் ஜெகதீசன் சொல்றாரு."

"நீ இன்னாத்துக்குடி அதையே நெனச்சிகினு கீற?"

"கண்ண மூடுனா நான் தொறந்த மாரிதான் வருது. தொறந்திருந்தா மெஷினு நின்னுருக்குமே? எனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா அனு?"

கொடுத்த காபியைக் குடிக்காமலே அனுசுயா எழுந்துவிட்டாள்.

5

இனிமேல் நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மறுநாள் எல்லா மக்கின் அடியிலும் ரோஸ் புள்ளி, ஒரே இடத்தில். ஒரு பூ அரைபட்டால் பத்து மக்கில் தெரியலாம், ஆயிரம் மக்கில் தெரியாது. புது மூட்டை பிரித்தார்கள். மெஷினைச் சுத்தம் செய்து ஓட்டினார்கள். கறுப்பு மக்குக்கு மாறினார்கள். புள்ளி வந்துகொண்டே இருந்தது.

"அச்சுல எதுனா ஒட்டிகினு கீதான்னு பாரு," என்றார் ஜெகதீசன். அச்சு கண்ணாடி மாதிரி பளபளத்தது.

அனுசுயா ஒரு புள்ளியை பிளேடால் நறுக்கிக் கொளுத்தினாள். மெழுகுவத்தி வாசனை வரவேண்டும். முடி கருகுகிற நாற்றம்தான் வந்தது.*

* பூ நைலானாக இருந்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை. ஆனால் தான் தலைக்குத் தடவுகிற எண்ணெய் வாசனையும் அதில் இருந்தது என்கிறாள் அவள்.

6

முடிவு ஒன்று: அனுசுயா உண்மையைச் சொல்கிறாள், வேலை போகிறது, புள்ளி நின்றுவிடுகிறது. கதைக்கு வசதியான முடிவு.

முடிவு இரண்டு: அவள் சொல்லவில்லை. ஒருநாள் புள்ளி மெல்ல விரல் வடிவில்—

இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

பொய்யைச் சொல்லிவிடுகிறேன். அந்த மக்கை நான் கடையில் வாங்கவில்லை. கம்பெனியிலிருந்தே எடுத்தேன். நான் அங்கே கிளார்க். விபத்து அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று டைப் அடித்தது நான்தான். அன்று ஆபீஸ் ஜன்னல் வழியாக, அனுசுயா சுவிட்சிலிருந்து ரோஸ் நிறத்தில் எதையோ உருவியதைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். அறிக்கையை மறுபடி பிரிண்ட் எடுக்கச் சொன்னார்கள். இப்போது அனுசுயா முடியைக் கட்டாமல் என் மேசைக்கு முன்னால் நிற்கிறாள்.

"சார், அதுல இன்னா எய்தியிருக்கீங்க?"

காரணம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு பிரிண்ட் கொடுத்தேன். தாள் சூடாக வந்தது. அந்தக் கட்டத்துக்குள் கடுகளவுக்கு ரோஸ் புள்ளி. எங்கள் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான் உண்டு.

பேபிக்குப் புத்தி கெடவில்லை என்பது இதுவரை இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது நீங்கள் மூன்றாவது ஆள். பேனாவைப் பிடியுங்கள்.

விபத்துக்கான காரணம்: ........................