பிரேக் இல்லாத குதிரைவண்டி

"நிறுத்து சுந்தரி. அந்த எடத்தத் திருப்பிப் படி."

சண்முகசுந்தரி புத்தகத்தின் வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த அவளுடைய அப்பா பொன்னுவேல், மூச்சு நிலைகொள்ளும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"எறக்கம்தானே அது? மழையும் பெஞ்சிருக்கு. நாலு குதிரையும் தெறிச்சு வருது. இந்தப் பிரபு இந்த வண்டியிலேருந்து அந்த வண்டிக்குத் தாவுறான். தொப்பிகூட விழலியாக்கும்?"

"விழலன்னுதான்பா போட்டிருக்கு."

"பிரேக்கு?"

"அதப் பத்தி ஒண்ணும் எழுதல."

"எழுதுனவ ஒருநா நம்ம வத்தலக்குண்டு ரோட்டுல எறங்கிப் பாத்திருக்கணும்." சிரித்தார். சிரிப்பு இருமலானது. அவள் முதுகைத் தடவிவிட்டாள். "சரி, சரி. வெரசா மேல படி."

இருபத்தாறு வருடம் கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். நெஞ்சில் நீர் கோத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருடத்து ஐப்பசி மழையில் படுத்தார். அந்த இங்கிலீஷ் நாவல், இங்கிலாந்துக்கே திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி சுந்தரி டைப்பிஸ்டாக இருந்த பள்ளி அலுவலகத்தில் விட்டுப்போனது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. பிரபுக்கள், நடன விருந்துகள். எலினா என்கிற பெண் ஆண் உடை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறாள். கூடவே வரும் அந்தப் 'பையன்' தன்னோடு நடனமாடிய பெண்தான் என்று அவளை வழியில் சேர்த்துக்கொண்ட இளம் பிரபுவுக்கு இருநூறு பக்கம்வரை தெரியவில்லை.

"கண்ணு அவிஞ்சா போச்சு அவனுக்கு?" என்று பொன்னுவேல் தினமும் கேட்டார். மறுநாள் கஞ்சி குடித்த கையோடு, "எங்க அந்தப் பொஸ்தகம்?" என்பார். அவள் ஒரு பத்தி படித்து, அதைத் தமிழில் சொல்வாள்.

அதற்குமுன் ஆறு வருடம் அந்த வீட்டில் சோறு, மருந்து, மழை தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. அந்த ஆறு வருடத்தின் தொடக்கத்தில் தபால் ஆபீஸ் குமாரவேல் சுந்தரியைப் பெண் கேட்டு வந்தபோது, வேறு சாதி என்று பொன்னுவேல் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார். குமாரவேல் ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் வாங்கிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டான். சுந்தரி செய்துகொள்ளவில்லை. இந்த மழைக்காலத்தில் ஒருநாள், ஜன்னலோரம் புத்தகத்தோடு தனியே சிரித்தவளைப் பார்த்து அவர், "என்னத்தா அது?" என்று கேட்டார். வாசிப்பு அப்படித் தொடங்கியது.

வண்டி தாவிய இடத்தைப் படித்த அன்று காலையே, அடுத்த அத்தியாயத்தில், வீடு திரும்பிய எலினாவைப் பெண் கேட்டுப் பிரபு வந்தான். அவளுடைய அப்பா அவனைப் படியேறவிடாமல் திருப்பி அனுப்பினார். அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடலாமா என்று சுந்தரி நினைத்தாள். பிறகு குரல் இறங்கப் படித்து, குரல் இறங்கவே சொன்னாள்.

பொன்னுவேல் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் ஒத்துக்கிட்டிருக்கலாம்," என்றார்.

"அவருக்கும் ஒரு நியாயம் இருந்திருக்கும்லப்பா."

"என்ன பெரிய நியாயம்."

அவள் பக்கத்தைத் திருப்பவில்லை. அவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் சுடுதண்ணி குடு தாயி."

அடுப்பு ஈரத்தில் பற்ற நேரமாயிற்று. டம்ளரோடு திரும்பி வந்தபோது கை மடிப்பின்மேல் அப்படியே இருந்தது.

மறுநாள் கூட வேலை பார்த்த டிரைவர்கள்தான் அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனார்கள். எல்லாம் முடித்துக் குளித்துவிட்டு வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது. மூன்று மணி பஸ்ஸை ஓட்டும் செல்லப்பாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் பிரபு கத என்னாச்சுங்க?"

சுந்தரி அவரையே பார்த்தாள்.

"பாக்க வந்தா, அண்ணே நோவப் பத்திப் பேசவே மாட்டாரு. இந்தக் கதையத்தான் சொல்லுவாரு. பெருமாள்மலை டீக்கடையில கேட்டாலும் சொல்லுவாங்க. வண்டிய வெரட்டிக்கிட்டுப் போற வரைக்கும் எங்களுக்குத் தெரியும்."

"இந்த வண்டியிலேருந்து அந்த வண்டிக்குத் தாவிட்டான்," என்றாள்.

"தாவுனானா? அது நடக்குற சோலியா?" என்றார் மூலையிலிருந்த ஒருவர். இரண்டு பேர் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"அப்புறம் பொண்ணு கேட்டு வந்தான். அவ அப்பா வாசல்லயே நிறுத்தி அனுப்பிட்டாரு."

"அடப்பாவமே. அப்புறம்?"

கடைசி நாற்பது பக்கங்களை அவள் படித்திருக்கவில்லை.

"அப்புறம்... அவ அப்பாவே வண்டியப் பூட்டச் சொன்னாரு," என்றாள். "மழையில அவன் பின்னாலயே போனாரு."

"வயசான காலத்துலயா? புடிச்சுட்டாரா?"

கீழே சாலையில் மூன்று மணி பஸ்ஸின் கண்டக்டர் ஹாரனை அடித்தான். சற்று விட்டு மறுபடி அடித்தான். செல்லப்பாண்டி டம்ளரைத் தரையில் வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"அடிக்கட்டும். நீங்க சொல்லுங்கம்மா."