பதினோரு நிறுத்தங்கள்

கல்யாணத்துக்கு முன்பும் அவள் வயிறு முரண்டு பிடிக்கும் வயிறுதான். பரீட்சை நாளில் கலக்கும், பிறகு அடங்கிவிடும். பிள்ளை பெற்ற பிறகு அது அடங்குவதே இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

"குடல் நல்லாத்தாம்மா இருக்கு. கொஞ்சம் கோபக்காரக் குடல், அவ்வளவுதான்," என்றார் டாக்டர். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு இது கூடும், பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

பழகிக்கொண்டாள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கழிவறைக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்கினாள். தண்ணீரில் ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் நொடியைப் பிடிக்கிற வேலை. பாதியில் எழுந்து ஓடினால் மறுபடி முதலிலிருந்து. எதிர் மேசைக்காரி அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்தாள். அவளும் சிரித்துவைத்தாள்.

சிரித்துத் தள்ள முடியாதது ஒன்று இருந்தது. பத்து மாத மகள் பகலெல்லாம் நாத்தனார் வீட்டில். பேருந்தில் பதினோரு நிறுத்தங்கள், நாற்பது நிமிடம், வழியில் ஒரு கழிவறை கிடையாது. கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் கணவன்தான். மகளை மடியில் உட்காரவைத்து, "அதோ நாய், அதோ லாரி" என்று காட்டிக்கொண்டே ஒருமுறை வீட்டுக்கு வர வேண்டும். வேறெதற்கும் அவள் இவ்வளவு ஏங்கியதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கணவனுக்குப் போன் செய்தாள்.

"இன்னிக்குப் பாப்பாவை நான் கூட்டிட்டு வரேன்."

"வயிறு?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. காலி டப்பா. அது என்ன பண்ணிடும்?"

"சரி. ஏதாச்சும்னா கூப்பிடு."

ஆறாவது நிறுத்தத்தில் வயிறு ஒருமுறை உறுமியது. கைப்பையை வயிற்றோடு அழுத்திப் பிடித்தாள். அடங்கியது. பதினோராவது நிறுத்தத்தில் இறங்கியபோது அவளுக்கே நம்ப முடியவில்லை.

"அட, நீயா! மழை கொட்டப் போகுது," என்றாள் நாத்தனார். மகள் தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். "மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? சாப்பிட்டியா இல்லியா?"

"வீட்டுக்குப் போய்..."

"வெறும் வயித்தோட என் வீட்டுலேர்ந்து யாரும் போனதில்ல. ரெண்டே வாய்."

அவள் படித்தவள்தான். நாளெல்லாம் காலியாகக் கிடந்த குடலில் சோறு விழுந்தால் மொத்தக் குடலும் விழித்துக்கொள்ளும் என்று தெரியும். பசிக்கு அது தெரியவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டே தட்டைக் காலி செய்தாள்.

ஆறு பத்து பேருந்துக்குச் செருப்பை மாட்டும்போது சுருட்டிப் பிடித்தது. மகளை நாத்தனார் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

உள்ளே உட்கார்ந்தபடியே பேருந்து வந்து நின்றதையும் கிளம்பிப் போனதையும் கேட்டாள். கதவில் சின்னக் கைகள் பட்பட்டென்று அடித்தன.

"அம்மா உள்ளதான்டி இருக்கா. நிம்மதியா இருக்க விடேன்," என்றாள் நாத்தனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பிக்குப் போன் போடட்டுமா? வந்து கூட்டிட்டுப் போயிடுவான்."

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் நான்கு விரல்கள் நுழைந்தன. அவள் கையைக் கழுவிக்கொண்டு, குனிந்து அவற்றைத் தொட்டாள். அவை அவளுடைய ஆள்காட்டி விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"அடுத்த பஸ் எப்போ அண்ணி?"

"ஆறே முக்காலுக்கு. அதுக்குள்ள சரியாயிடுமா?"

"தெரியல."

"அதுவும் போச்சுன்னா?"

"அதுக்கு அடுத்தது."

வெளியே நாத்தனார் தரையில் உட்காரும் சத்தம். "சரி, நானும் கூட வரேன். வழியில அவசரம்னா எறங்கிடலாம். எவன் வீட்டுக் கதவையாச்சும் நான் தட்டறேன். எனக்கென்ன வெக்கம்?"

நல்ல மனுஷி. சரி என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல அண்ணி. நானும் அவளும் மட்டும்."

நாத்தனார் எழுந்துகொண்டாள். "அப்போ துணிப்பையில மாத்து டவுசர் ஒண்ணு வைக்கறேன். பாப்பாவுக்கு இல்ல, உனக்கு."

அவள் சிரித்துவிட்டாள். வெளியே ஏதோ கிலுகிலுத்தது. விரல்கள் அவள் விரலை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தின் பக்கம் போய்விட்டன. அவள் கையை எடுக்காமல் இடுக்கின் அருகிலேயே வைத்திருந்தாள்.